தைலமரங்களுக்கு மூன்றாம் தண்ணீர்

எங்கள் குருந்தன்விடுதியை மூன்று பக்கமும் சூழ்ந்து நிற்கிற தைலமரக் காட்டுக்கு அம்மை போட்ட வருஷத்தில், ஊரில் ஒரு வீட்டிலும் கடுகு தாளிக்கவில்லை, ஒருவரும் முடி வெட்டிக்கொள்ளவில்லை, வந்தவரை வா என்று சொல்லவும் இல்லை, கிளம்புகிறவர் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை, டீக்கடைச் சோணை நாற்பத்தொரு நாள் வடை சுடவில்லை, ஊராட்சித் தலைவர் உலகநாதன் மீசைக்குச் சாயம் பூசாமல் இருந்ததில் அவருக்கு எவ்வளவு வயது என்பது முதன்முதலாக ஊருக்குத் தெரிந்தது.

முதலில் தொட்டுப் பார்த்தவன் நான். முப்பத்தொரு வருஷம் அந்தத் தோட்டத்துக்குக் காவலாளாக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் திருமேனி என்று கேட்டால் யோசிப்பார்கள், வாச்சர் என்றால் கை காட்டுவார்கள். வேலையை விட்ட பிறகும் மத்தியானச் சோற்றைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு எல்லை வரிசையில் இருநூற்றுப் பதினேழாம் எண் மரத்தடிக்குப் போய்விடுவேன். உள்ளே நிற்கிற மரங்களை ஆறேழு வருஷத்துக்கு ஒருமுறை வெட்டிக் காகித ஆலைக்கு ஏற்றுவார்கள், அவை அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்து வரும். எல்லை வரிசையை மட்டும் வெட்டுவதில்லை, ஏனென்றால் எங்கள் ஊர் நிலம் எங்கே முடிந்து தோட்டம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு அந்த மரங்களில் எழுதியிருக்கிற வெள்ளை எண்கள்தான் சாட்சி. என் மனைவி பொன்னழகு உயிரோடு இருந்த காலத்தில் அந்த மரத்தடிக்குத்தான் எனக்குச் சோறு கொண்டுவருவாள். அவள் போய் எட்டு வருஷம் ஆகியும் என் கால்கள் பன்னிரண்டரை மணிக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன.

சித்திரை மாதத்தில் ஒரு மத்தியானம், வழக்கம்போல முதுகைச் சாய்த்தேன். இஸ்திரிப் பெட்டியில் சாய்ந்த மாதிரி சுட்டது. சட்டையைக் கழற்றிப் பார்த்தால் முதுகுப் பக்கம் மரப்பட்டையின் வரிகள் பழுப்பாகப் பதிந்திருந்தன. பக்கத்து மரமும் அப்படி, அதற்கடுத்த மரமும் அப்படி. வெயில் ஏற்றிய சூடு இல்லை அது. பிள்ளையின் நெற்றியில் கை வைத்தால் தெரியுமே, உள்ளிருந்து வருகிற சூடு, அது. அண்ணாந்து பார்த்தேன். இலை நரம்பிலும் காம்பிலும் கடுகளவில் சில, மிளகளவில் சில என்று கொப்புளங்கள், பச்சையாகவும் ரோஜா நிறமாகவும், கோத்துவைத்த மாதிரி வரிசை பிசகாமல் இருந்தன.

சோணையின் கடையில் வந்து சொன்னேன். கடையிலிருந்த ஒன்பது பேரும் டீயைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தார்கள். "முத்து" என்றார் ஒருவர். அந்த ஒரு சொல்லோடு எல்லாம் முடிவாகிவிட்டது. ஒன்பது பேரும் செருப்பைக் கழற்றினார்கள். கிளையை ஒடித்துப் பார்க்கக் கை நீட்டியிருந்த சோணை, நீட்டிய கையை அப்படியே கும்பிடாக மாற்றிக்கொண்டான்.

மறுநாள் விவசாயக் கல்லூரியிலிருந்து பூச்சிகளைப் படித்த ஒரு மேடம் ஜீப்பில் வந்தார். இளம் வயது, நல்ல பிள்ளை. கொப்புளத்தைக் கீறி, உள்ளே புள்ளியாக நெளிந்த புழுவைப் பூதக்கண்ணாடியில் எல்லோருக்கும் காட்டினார்.

"இது அம்மை இல்லைங்க. ஒரு சின்னக் குளவி, கொசுவைவிடச் சின்னது. இலைக்குள்ள முட்டை வைக்குது, அந்த இடம் வீங்குது. தைலமரத்தைக் கடல் தாண்டிக் கொண்டாந்தப்ப இந்தக் குளவி கூட வரலை. அதனாலதான் மரம் இங்க இவ்வளவு நாளா நோயில்லாம வளந்துச்சு. இப்ப அது மரத்தைத் தேடி வந்திருச்சு."

"எத்தனை வருஷம் கழிச்சும்மா?" என்றான் சோணை.

"ஒரு அம்பது வருஷம்னு வைங்களேன்."

"அட்ரஸ் எப்படிக் கிடைச்சுச்சாம்?"

மேடம் சிரித்துவிட்டு, அறிவாளிகள் செய்கிற தவறு ஒன்றைச் செய்தார், கேட்காத தகவலையும் சேர்த்துச் சொன்னார். "இதுல ஒரு விசேஷம், இந்தக் குளவியில ஆண் ரொம்ப அபூர்வம். பெண் மட்டுமே தானா முட்டை வச்சுப் பெருகிக்கும்."

தலைவர் உலகநாதன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மேடத்தையே கும்பிட்டார். "ஆம்பளைத் துணையில்லாமத் தானா வந்து தானா பெருகுறவ யாருன்னு எங்களுக்குத் தெரியாதா தாயி? படிச்ச பிள்ளை வாயாலயே வந்திருச்சு, அதுக்கு மேல என்ன வேணும்."

சூட்டை மட்டும் மேடத்தால் விளக்க முடியவில்லை. மரத்தில் வைத்த வெப்பமானி செல்சியஸில் நூற்று நான்கு காட்டியது. இன்னொன்றை வைத்தார், அதுவும் நூற்று நான்கு. குறிப்பேட்டில் "வெப்பமானிகள் பழுது" என்று எழுதிக்கொண்டு போனார். தோட்ட அதிகாரி வரதன் அதைவிட நேர்த்தியாகச் செய்தார். பூச்சி தாக்கியது என்று எழுதினால் ஐந்து நகல் அனுப்ப வேண்டும், ஒவ்வொரு நகலுக்கும் ஒரு விளக்கம் கேட்பார்கள் என்பதால், மாதாந்திரப் படிவத்தில் நோய் என்ற கட்டத்துக்கு நேரே, சுடுகிற மரத்திலேயே காகிதத்தை வைத்து, "இல்லை" என்று எழுதினார். காகிதத்தின் பின்பக்கம் கருகியிருந்ததை மேலிடத்தில் யாரும் திருப்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வீட்டில் ஒருவருக்கு அம்மை என்றால் அந்த வீடு முறை காக்கும். ஊரின் மூன்று பக்கமும் அம்மை என்றால் ஊர் முழுதும் காக்க வேண்டும் என்று கூட்டம் கூடி முடிவு செய்தார்கள். எண்ணெய்ச் சட்டி ஏறக்கூடாது, ஊசி நூல் கூடாது, மரத்தில் இரும்பு படக்கூடாது, மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றி ஆத்தாவை அனுப்பிவைக்கும்வரை கல்யாணப் பேச்சு கூடாது. மரத்தின் சூட்டில் சமைக்கலாமா என்பதில் மட்டும் இரண்டு நாள் சண்டை நடந்தது. சோறு பொங்கலாம், பருப்பு வேகவைக்கலாம், தாளிக்கத்தான் கூடாது என்று தீர்ந்தது. அதிலிருந்து பெண்கள் காலையில் உலைப்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் மரத்தோடு அணைத்துக் கட்டிவிட்டு வருவதும், பதினொரு மணிக்கு வடித்து எடுத்துக்கொண்டு வருவதுமாக இருந்தார்கள். சோறெல்லாம் தைல வாசனை அடித்தது. ஊரில் ஒருவருக்கும் சளி பிடிக்கவில்லை.

வேப்பிலைக்குத்தான் தட்டுப்பாடு. ஆளுக்கு ஒரு கொத்து என்றால் கட்டிவிடலாம், காட்டுக்கே கட்டுவது எப்படி? இருந்த வேப்ப மரங்களில் ஏறிப் பார்த்தபோது, கொழுந்தெல்லாம் தீய்ந்து நுனியிலிருந்து கருகிக்கொண்டு வந்தது தெரிந்தது. அதற்கும் ஒரு பூச்சி, பூச்சிக்குப் பின்னால் ஒரு பூஞ்சை. ஊருக்கே மருந்தாக நிற்கிற வேம்புக்கு நோய் வந்தால் அதில் எதைக் கட்டுவது என்று மறுபடி கூட்டம் போட்டார்கள். தைல இலையைக் கட்டலாம் என்றார் ஒருவர். அதுவே படுத்திருக்கு என்றார் இன்னொருவர். கடைசியில் டவுனில் மேடை அலங்காரக் கடையிலிருந்து பிளாஸ்டிக் வேப்பிலைச் சரம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. அலசிப் போட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்பதால் அசல் வேப்பிலையைவிட இதுதான் விசேஷம் என்று தலைவர் மைக்கில் சொன்னார். மாவுப்பூச்சி அப்பிய பப்பாளிகளும் வெள்ளை ஈ மொய்த்த தென்னைகளும் தங்களுக்கு எதுவும் கட்டாததைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றன.

இனித் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். அம்மை கண்ட வீடுகளுக்குப் போய்ப் பார்த்து, பாடி, நாள் குறித்துத் தண்ணீர் ஊற்றுகிற பழக்கம் ஊரில் ஒரு வீட்டுக்குத்தான் இருந்தது. அது சிட்டாளின் வீடு. அந்த வீட்டுக்கு வேறொரு பெயரும் இருந்தது, அதனால் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சிட்டாளின் புருஷன் அடைக்கலம் ஆடு மேய்க்கிறவன். மேய்ச்சல் நிலத்தில் தைலக் கன்று நட வந்தபோது, பத்துக் கன்றைப் பிடுங்கி அதிகாரியின் முன்னால் போட்டு, "இதை ஆடு திங்காது, நீங்க தின்னுங்க" என்று சொன்னவன். மூன்றாம் வருஷம் பங்குனியில் கன்றுகள் மூன்று ஏக்கர் எரிந்துபோனபோது யார் வைத்த தீ என்று யாரும் யோசிக்கவே இல்லை. காவலாளும் பார்த்ததாக எழுதிக்கொடுத்தான். அடைக்கலம் பதினான்கு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தான். வந்தவனை ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. கேரளாவுக்குக் கிணறு வெட்டப் போய், மண் சரிந்து, வண்டியில் பிணமாகத் திரும்பி வந்தான். அதன் பிறகு அந்த வீடு கொள்ளிக்காரன் வீடு ஆயிற்று. வெறும் ஏச்சாக இல்லை, விலாசமாகவே ஆகிவிட்டது. தபால்காரர் அப்படித்தான் கேட்டுக்கொண்டு போவார், வாக்குச் சீட்டு கொடுக்கிறவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை சிட்டாள் ஊர்க்கூட்டத்தில் எழுந்து, "என் வீட்டுக்காரர் தீ வைக்கலை, அந்தப் பேரை எடுத்துருங்க" என்பாள். அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள்.

எழுதிக்கொடுத்த காவலாள் நான்தான். தீயும் என்னுடையதுதான். பீடியை அணைக்காமல் போட்டேன், தைலச் சருகு பெட்ரோல் மாதிரி பிடிக்கும். இதைப் பொன்னழகு ஒருத்தியிடம்தான், அந்த வாரமே, இருநூற்றுப் பதினேழாம் மரத்தடியில் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னேன். அவள் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்பது வருஷங்களில் எனக்கு மறந்துபோயிருந்தது, அல்லது மறக்கும்படி நான் பார்த்துக்கொண்டேன்.

நான்காம் நாள் தலைவரும் பத்துப் பேரும் சிட்டாளின் வாசலில் போய் நின்றோம். நான் கடைசியில் நின்றேன்.

"கொள்ளிக்..." என்று ஆரம்பித்துவிட்டு உலகநாதன் இருமினார். "சிட்டாத் தங்கச்சி, ஊருக்கு நீதான் வந்து ஊத்தணும்."

அவள் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "முப்பது வருஷமா என் வீட்டுல யாரும் வாய் நனைச்சதில்லை. முறைக்கு வந்தவங்க தண்ணி குடிச்சிட்டுத்தான் கேக்கணும்" என்றாள்.

ஒரு செம்பு கை மாறிக் கை மாறி எல்லோரும் அண்ணாந்து குடித்தார்கள். செம்பு என்னிடம் வந்தபோது அவள் நிமிர்ந்தாள். "வாச்சரண்ணனும் வந்திருக்கீகளா?" என்றாள். தண்ணீர் எனக்குப் புரை ஏறிவிட்டது.

ஐந்தாம் நாள் நண்பகலில் மரங்கள் பிதற்ற ஆரம்பித்தன. காய்ச்சல் ஏறினால் மனிதரும் பிதற்றுவதுதானே, அதனால் அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. முதலில் ஒருவருக்கும் புரியாத ஏதோ பேச்சு. இங்கிலீஷாக இருக்கும் என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியரைக் கூட்டிவந்தார்கள், அவர் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, இங்கிலீஷும் இல்லை, அதற்கு முந்தியது என்றார். பிறகு தமிழ் வந்தது. பஸ் நிலையத்தில் அறிவிப்பார்களே, அப்படி ஏற்ற இறக்கம் இல்லாத குரல். சொந்தமாக ஒரு சொல்லும் அவை சொல்லவில்லை. தங்கள் நிழலில் உட்கார்ந்து இத்தனை வருஷமாக ஊர் பேசியதைத்தான் சொல்லின.

அறுபத்து மூன்றாம் மரம், "நட்டது பாதி, மீதி செத்துப்போச்சுன்னு எழுதிக்க" என்றது. வரதன் அன்று மாலையே மருத்துவ விடுப்பு எழுதினார். நூற்றுப் பன்னிரண்டாம் மரம், "மேய்ச்சல் நிலம்னு ஒண்ணு இந்த ஊர்ல இருந்ததே இல்லைன்னு எழுதுங்க சார், நான் ரேகை வைக்கிறேன், நம்ம வயலுக்குக் கரண்டு மோட்டார் மட்டும் முதல்ல வந்துரணும்" என்றது. தலைவருடைய காலமான தகப்பனார் பேச்சு அது என்று கிழவர்கள் உடனே கண்டுகொண்டார்கள். மறுநாள் விடியுமுன் ஆத்தாவுக்குப் பாட்டு வைக்கிறோம் என்று நூற்றுப் பன்னிரண்டைச் சுற்றி மட்டும் நான்கு ஒலிபெருக்கிகள் கட்டப்பட்டன. எண்பத்தெட்டாம் மரம், தலைமையாசிரியர் வாலிபத்தில் ஒரு பெண்ணுக்குச் சொன்ன சொந்தக் கவிதையை ஒப்பித்தது. அவர் சம்சாரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுதையும் கேட்டுவிட்டு, "எனக்கும் இதைத்தான் சொன்னாரு. வேற எழுதலை போல" என்று எழுந்து போனாள்.

இரண்டு வாரத்தில் ஊர் இதற்குப் பழகிவிட்டது. மரத்தடியில் பேசுகிறவர்கள் இல்லை, கையசைத்துக் காரியம் முடித்தார்கள். ஆனால் வேறொரு வழக்கம் வந்தது. யார் எதைச் சொன்னாலும், "வாயில சொல்லாத, மரம் சொல்லட்டும்" என்றார்கள். ஆடு காணாமல் போனால் மரத்தைக் கேட்டார்கள், வாய்க்கால் தகராறுக்கு மரத்தைக் கேட்டார்கள், நேரில் பார்த்த நான்கு பேர் சாட்சி சொன்னாலும் நகர்ந்து போய் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். மனிதர் வாய்க்கு மதிப்பு போய்விட்டது.

நான் காலையிலேயே இருநூற்றுப் பதினேழுக்குப் போய்விடுவேன். யாராவது பக்கத்தில் வந்தால், "இதுக்கு முத்து ஜாஸ்தி, அண்டாதீக" என்று விரட்டுவேன். அது பேசிவிடுமோ என்று நாளெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், பேசாமல் போய்விடுமோ என்றும் நடுங்கினேன். பொன்னழகு பேசிய சொற்கள் இந்த உலகத்தில் வேறு எங்கேயும் பாக்கி இல்லை. வெந்நீர்ப் பானை மாதிரி அது கொதித்துக்கொண்டே நின்றது, ஒரு சொல்லும் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் சிட்டாள் முதல் தண்ணீர் ஊற்றினாள். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை எல்லை வரிசை முழுதும் மரத்துக்கு ஒரு செம்பாக ஊற்றிக்கொண்டே போனாள். அசல் வேப்பிலை அவள் வீட்டு மரத்தில் மட்டும் ஒரு கிளையில் இருந்தது. சூடு கொஞ்சம் இறங்கியது. பதினைந்தாம் நாள் இரண்டாம் தண்ணீர், இன்னும் இறங்கியது. மூன்றாம் தண்ணீருக்கு நாள் கேட்டபோது, "இன்னும் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கு. வரட்டும், ஊத்துறேன்" என்று சொல்லிவிட்டாள். இருபத்தொன்று போயிற்று, இருபத்தேழு போயிற்று. அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. தீயைப் பற்றி ஒரு மரம் சொல்ல வேண்டும், அந்த வீட்டின் பெயர் போக வேண்டும். எனக்கு மட்டும் அது எந்த மரம் என்றும் தெரிந்திருந்தது.

நாற்பத்தொன்றாம் நாள் லாரிகள் வந்தன. மரங்கள் உள்ளே கொப்பளித்து வீணாவதற்குள் எல்லை வரிசை உட்பட எல்லாவற்றையும் வெட்டி ஆலைக்கு அனுப்ப உத்தரவு. தங்களைப் பற்றி இன்னும் பேசாத மரங்கள் நிறைய இருந்ததால் ஊர்ப் பெரியவர்கள் எல்லோருக்கும் அந்த உத்தரவு பிடித்திருந்தது. ஆனால் மூன்றாம் தண்ணீருக்கு முன் இரும்பு படக்கூடாது என்று அவர்களே போட்ட விதி குறுக்கே நின்றது. மிஷின் வாளோடு வந்த ஆட்கள் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம், நடுவில் தண்ணீர்க் குடத்தோடு சிட்டாள். இருநூற்றுப் பதினேழுக்கு எதிரே, என் கண் முன்னால்.

"ஊத்து தங்கச்சி, நேரமாகுது" என்றார் உலகநாதன்.

"பாக்கி இருக்கு."

"நாப்பத்தொரு நாளாச்சு. சோறு சோறா இல்லை, சாம்பார் சாம்பாரா இல்லை. என் மூஞ்சியைப் பாரு."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். உலகநாதனுக்கு முகம் மாறிவிட்டது. "கொள்ளிக்காரன் வீட்டுப் புத்தி வேற எப்படி இருக்கும்? அன்னைக்கு அவன் எரிச்சான், இன்னைக்கு இவ ஊரையே வேகவைக்கிறா."

குடம் அவள் இடுப்பில் ஆடவில்லை. அவள் அவரைப் பார்க்கவும் இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ வருஷமாக ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றபோதெல்லாம் என்னைத்தான் பார்த்துக்கொண்டு பேசியிருக்கிறாளோ என்று அப்போதுதான் தோன்றியது. நான் எழுந்துவிட்டேன்.

"தீ வச்சது அடைக்கலம் இல்லை" என்றேன். "நான். பீடியைப் போட்டுட்டேன். வேலை போயிருமேன்னு அவன் பேரை எழுதிக்கொடுத்தேன்."

முப்பது வருஷம் நெஞ்சில் கிடந்த வார்த்தை, வெளியே வந்தால் இடி இடிக்கும் என்று நினைத்திருந்தேன். உலகநாதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாச்சருக்கு வெயில் ஒத்துக்கலை, யாராவது இளநி வெட்டிக் குடுங்கப்பா" என்றார்.

"நெசமாத்தான் சொல்றேன்."

"வாயில சொன்னா எப்படிண்ணே?" என்றான் சோணை. நல்லவன்தான், நியாயமாகத்தான் கேட்டான். "மரம் சொல்லட்டும்."

"இதே மரந்தான். இதுக்கடியிலதான் எம் பொஞ்சாதிகிட்டச் சொன்னேன்."

அப்படியானால் சரி என்று எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். வாளோடு வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். அரை மணி நேரம் இருக்கும். கொப்புளங்களிலிருந்து ஊசி முனை அளவு ஓட்டை போட்டுக் குளவிகள் வெளியே வந்துகொண்டிருந்தன, தூசி மினுங்குவதுபோல. அப்புறம் மரத்திலிருந்து அந்த அறிவிப்புக் குரல் வந்தது, எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து."

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. தாளித்த ரசத்தின் வாசனையை நாற்பத்தொரு நாளாக அறியாதவர்கள், அதனால் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்தார்கள். மறுபடி அதையே ஒருமுறை சொல்லிவிட்டு மரம் நிறுத்திக்கொண்டது. "பாத்தீகளா, மரமே உங்க மேல குத்தம் இல்லைன்னுருச்சு" என்று என் தோளைத் தட்டினார் உலகநாதன்.

சிட்டாள் மட்டும் சிரிக்கவில்லை. குடத்தை இறக்கி வைத்தாள், செம்பில் மொண்டாள், முதல் செம்பை இருநூற்றுப் பதினேழின் அடியில் ஊற்றினாள். ஆவி கிளம்பி எங்கள் இருவருக்கும் ஊருக்கும் நடுவில் வெள்ளையாக நின்றது. அதற்குள் நின்று சிட்டாள், எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள்.

"இது மூணாம் நாளே சொல்லிருச்சுண்ணே. மத்தது எதுவும் வாயைத் திறக்கிறதுக்கு முந்தி. ஆட்டை இங்கதான் விட்டிருந்தேன்."

"மூணாம் நாளா?" நாங்கள் அவளைக் கேட்டு அவள் வாசலுக்குப் போனது நான்காம் நாள்.

"நீங்க எப்பச் சொல்லுவீகன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

நான் கேட்கக் கூடாதுதான். ஆனாலும் கேட்டேன். "அவ என்ன சொன்னா?"

சிட்டாள் அடுத்த செம்பை மொண்டாள். "'மாசமா இருக்கிற அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பாத்துட்டு எப்படிங்க சோறு இறங்கும்? போய்ச் சொல்லிட்டு வாங்க. நான் இலையை மூடி வைக்கிறேன்'னு சொன்னாக."

"அப்புறம்?"

"அப்புறம் நீங்க சொன்னதைத்தான் இப்ப எல்லாரும் கேட்டாகளே."

அவள் அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள். ஒவ்வொன்றாகத் தணிந்துகொண்டே வந்தது. சாயங்காலத்துக்குள் ஒரு மரமும் சுடவில்லை, ஒரு மரமும் பேசவில்லை. மறுநாளிலிருந்து ஒரு வாரம் வெட்டினார்கள். ஊரில் அத்தனை வீட்டிலும் கடுகு வெடித்த சத்தத்தில் மிஷின் வாளின் சத்தம் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

நான் தோட்ட அலுவலகத்தின் மேலிடத்துக்கு ஒரு மனு எழுதினேன். நடந்ததை நடந்தபடி எழுதி, அடைக்கலத்தின் பெயரை நீக்கி என் பெயரைப் போடும்படி கேட்டு, கீழே விலாசத்தில், திருமேனி, கொள்ளிக்காரன் வீடு, குருந்தன்விடுதி என்று எழுதினேன். அதுதான் சரியான விலாசம் என்று பட்டது.

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. தபால்காரருக்கு அந்தப் பெயரில் ஒரு வீடுதான் தெரியும், அங்கேதான் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். ஒரு நாள் காலையில் சிட்டாள் அதை எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். அந்த வாசலுக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை.

"படிங்க" என்றாள்.

படித்தேன். மேற்படி தோட்டத்தில் எவ்விதப் பூச்சித் தாக்குதலும் ஏற்பட்டதாகப் பதிவு இல்லை. மரங்கள் முதிர்ச்சி அடைந்ததால் வெட்டப்பட்டன. தீ விபத்தைப் பொறுத்தவரை, அப்போதைய காவலர் திருமேனி நேர்மையானவர் எனப் பணிப் பதிவேட்டில் குறிப்பு இருப்பதால், அவருடைய வாக்குமூலத்துக்கு மாறாக மனுதாரர் திருமேனி கூறுவதை ஏற்பதற்கில்லை. கீழே ஊதா மையில் ஒரு கையெழுத்து, ஒரு வட்ட முத்திரை.

சிட்டாள் கையை நீட்டினாள். காகிதத்தை வாங்கிப் புறங்கையில் வைத்துப் பார்த்தாள், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. "வரும்போதே நெனைச்சேன். தொட்டுப் பாருங்க" என்றாள்.

தொட்டேன். வெதுவெதுவென்று இருந்தது. எங்கள் காட்டு மரத்துக் காகிதம்தான்.

"செம்புல தண்ணி கொண்டாங்க."

கொண்டுவந்தேன். அவள் குடிக்கவில்லை. மூன்று விரலால் எடுத்துக் காகிதத்தின்மேல் மூன்று தடவை தெளித்தாள். அச்சடித்த எழுத்தெல்லாம் அப்படியே இருந்தது, கையெழுத்தும் முத்திரையும் மட்டும் கரைந்து ஓடின.

"தணிஞ்சிருச்சா?" என்றேன்.

"பாதிதான்." காகிதத்தை என் வாசல் கொடியில் துணி உலர்த்துவதுபோலப் போட்டாள். படலைத் திறந்துகொண்டு போனவள் நின்று திரும்பினாள். "அந்த அட்ரஸை மாத்தாதீக. இங்கயே இருக்கட்டும். தபால்காரர்கிட்ட நான் சொல்லிட்டேன்."

ஊர் இன்னும் மரம் சொல்லட்டும் என்றுதான் இருக்கிறது. வெட்டிய கட்டைகளில் துளிர் விட்டிருக்கிறது, அது வளர்ந்து பேசட்டும் என்கிறார்கள். ஆனால் மறுநாள் பன்னிரண்டரை மணிக்குத் தபால்காரர் சைக்கிளை என் வாசலில் நிறுத்தி, மணியடித்து, "கொள்ளிக்காரன் வீடு" என்று கூப்பிட்டார்.

சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். இலையை மூடி வைத்துவிட்டு, "இதோ வர்றேன்" என்று எழுந்தேன்.